இன்ஸ்டாக்ஸ் மினி 12: மனநோயோடு வாழ்பவர் தம் கதையைத் தாமே சொல்ல உதவும் கேமரா

ஃபியூஜிஃபிலிம் நிறுவனம் 2023ஆம் ஆண்டு வெளியிட்ட இன்ஸ்டாக்ஸ் மினி 12 என்ற உடனடி அச்சுக் கேமராவைப் பிறந்தநாள் விழாவுக்கும் கல்லூரிச் சுற்றுலாவுக்கும் ஏற்ற பொருளாகத்தான் கடைகளில் காட்டுகிறார்கள். நான் அதை வாங்கியது வேறொரு காரியத்துக்காக. மனச்சிதைவு நோயோடு பல ஆண்டுகளாக வாழ்ந்துவரும் என் தம்பி, தன் நாட்களைத் தானே படமெடுத்து, அந்தப் படங்களை முன்னால் வைத்துக்கொண்டு தனக்கு நேர்வதைத் தன் வாயால் சொல்ல ஒரு கருவி வேண்டியிருந்தது. அந்தக் காரியத்துக்கு இந்தக் கேமரா எவ்வளவு தூரம் கைகொடுக்கிறது, எங்கே கைவிடுகிறது என்பதை எழுதினால் எங்களைப் போன்ற மற்றக் குடும்பங்களுக்குப் பயன்படும் என்று நம்புகிறேன். இந்த மதிப்புரையைத் தம்பியிடம் முழுவதும் படித்துக் காட்டினேன். அவன் சம்மதித்த பகுதிகள் மட்டுமே இதில் இருக்கின்றன.

படமெடுத்துக் கதை சொல்லும் முறை எங்கள் வீட்டில் பிறந்த யோசனை அல்ல. கரோலின் வாங், மேரி ஆன் பரிஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1990களின் தொடக்கத்தில் சீனாவின் யுன்னான் மாகாணத்தில் கிராமத்துப் பெண்கள் 62 பேரின் கையில் கேமராவைக் கொடுத்து, அவர்களுடைய உழைப்பையும் உடல்நலத்தையும் அவர்களையே படமெடுக்கச் சொன்னார்கள். எடுத்த படங்களைச் சுற்றி உட்கார்ந்து பேசியபோது, வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாத தேவைகள் வெளிப்பட்டன. ஃபோட்டோவாய்ஸ் என்று பெயர்பெற்ற அந்த முறையை இன்று பல நாடுகளில் மனநோயோடு வாழ்பவர்களின் குழுக்கள் கையாள்கின்றன. படத்தைப் பார்த்துப் பெரும்பாலும் ஐந்து கேள்விகள் கேட்கப்படுகின்றன: இதில் என்ன தெரிகிறது? உண்மையில் இங்கே என்ன நடக்கிறது? இதற்கும் நம் வாழ்க்கைக்கும் என்ன தொடர்பு? இந்த நிலை ஏன் இருக்கிறது? இதற்கு நாம் என்ன செய்யலாம்? இந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதி, கேமராவோடு வந்த பெட்டியின் மூடிக்குள் ஒட்டிவைத்திருக்கிறோம். கேமராவைப் பற்றிச் சொல்லப்போகும் அனைத்தும் இந்தக் கேள்விகளோடு சேர்ந்துதான் பொருள்படும் என்பதால் இதை முதலில் சொல்கிறேன்.

மனச்சிதைவு என்றால் காதில் குரல் கேட்பதும் வீண் சந்தேகங்களுமே என்று பலரும் நினைக்கிறார்கள். உடனிருப்பவர்களுக்கு அவற்றைவிடக் கடினமாக இருப்பது மௌனம். பேச்சு குறைந்துவிடுகிறது, எதிலும் ஈடுபாடு வருவதில்லை, முகத்தில் உணர்ச்சி தெரிவதில்லை. மருந்து குரல்களை அடக்கும் அளவுக்கு இந்த மௌனத்தைத் தொடுவதில்லை. மாதாந்திரப் பரிசோதனையில் மருத்துவர் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்பார், தம்பி "பரவாயில்ல சார்" என்பான், அத்தோடு முடிந்துவிடும். பல ஆண்டுகளாக எங்கள் வீட்டிலும் இதே கேள்விதான், இதே பதில்தான்.

நினைவு வேலை செய்யும் விதத்திலும் ஒரு காரணம் இருக்கிறது. மார்க் வில்லியம்ஸ், கீத் பிராட்பென்ட் ஆகிய உளவியலாளர்கள் 1986இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர்கள் கடந்தகாலத்தை நினைவுகூரும்போது குறிப்பிட்ட ஒரு நாளையோ சம்பவத்தையோ சொல்ல இயலாமல் பொதுவாகவே பேசினார்கள் என்று கண்டார்கள். "மழையில் நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்த அந்தச் சாயங்காலம்" என்று வர வேண்டிய இடத்தில் "எப்பவுமே இப்படித்தான்" என்று வரும். மனச்சோர்விலும் மனச்சிதைவிலும் இந்தப் போக்கு இருப்பதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நாட்கள் எல்லாம் ஒன்றாகக் கலந்து போனவருக்குத் தன் கதையைச் சொல்லப் பிடிமானம் கிடைப்பதில்லை. தேதி எழுதிய ஒரு படம் அந்தப் பிடிமானத்தைத் தருகிறது. இன்னொரு நன்மையும் உண்டு. கேள்வி கேட்பவரும் பதில் சொல்பவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை, இருவர் பார்வையும் படத்தின்மேல் இருக்கும். முகத்தை நேருக்கு நேர் பார்ப்பதே பாரமாக இருக்கும் ஒருவருக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

இதற்குக் கைபேசி போதாதா என்று பலர் கேட்டார்கள். கைபேசியைத்தான் முதலில் முயன்றோம். நூற்றுக்கணக்கான படங்கள் சேர்ந்தன, ஒன்றைப் பற்றியும் பேச்சு எழவில்லை. இன்ஸ்டாக்ஸ் மினி ஃபிலிம் ஒரு பொதியில் 10 படங்களே வரும். எடுத்ததை அழிக்க முடியாது, திருத்த முடியாது. மிச்சம் எத்தனை என்பதைக் கேமராவின் பின்பக்கத்துச் சிறு சாளரம் காட்டிக்கொண்டே இருக்கும். அதனால் ஷட்டரை அழுத்தும் முன்பே "இது வேண்டுமா?" என்ற தேர்வு நடந்துவிடுகிறது, அந்தத் தேர்விலேயே கதை தொடங்கிவிடுகிறது. அச்சு மேல்பக்கத்தில் வெளியே வந்தபின் உருவம் முழுதாகத் தெளிய ஏறத்தாழ 90 விநாடிகள் ஆகும். வெள்ளைத் தாளில் மெல்ல நிறம் ஏறுவதைப் பார்த்தபடி இருவரும் காத்திருக்கும் அந்த ஒன்றரை நிமிடத்தில் தம்பி தானாகப் பேசத் தொடங்கியிருக்கிறான். நாங்கள் கேட்காமல் அவன் பேசியது அபூர்வம் என்பதால், இந்தக் கேமராவின் மிகப் பெரிய சிறப்பாக நான் எண்ணுவது இந்தத் தாமதத்தையே.

இயக்குவதற்கு எளிது. லென்ஸ் வளையத்தைத் திருகினால் கேமரா விழித்துக்கொள்ளும், இன்னும் ஒருமுறை திருகினால் 30 முதல் 50 சென்டிமீட்டர் தூரத்திலுள்ள பொருளை எடுக்கும் நிலைக்கு வரும். வெளிச்சத்தைக் கேமராவே கணித்துக்கொள்கிறது. கடைகளில் எளிதாகக் கிடைக்கும் இரண்டு ஏஏ பேட்டரிகள் போதும், சார்ஜர் என்று ஒன்றைத் தேட வேண்டியதில்லை. அமைப்புகளும் பட்டியல்களும் நிறைந்த கருவியைக் கையில் கொடுத்தால் கவனம் சிதறிச் சலிப்படைந்துவிடும் ஒருவருக்கு இந்த எளிமை அவசியமானது. அந்த அண்மைப்பட நிலை இருந்ததால்தான் எங்கள் வீட்டுக்கு மிக முக்கியமாக அமைந்த ஒரு படம் சாத்தியமாயிற்று.

அது சமையல்கட்டுச் சுவரிலுள்ள எக்ஸாஸ்ட் ஃபேனின் படம். இறக்கைகளில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கும், வலையில் சிக்கிய ஒட்டடையும் தெளிவாகத் தெரிகின்றன. அம்மா தாளிக்கும்போதெல்லாம் அந்த ஃபேனைப் போடுவார், தம்பி வந்து அணைப்பான், அம்மா திட்டிக்கொண்டே திரும்பப் போடுவார். அவனுடைய பிடிவாதத்துக்கு எடுத்துக்காட்டாக உறவினர்களிடம் சொல்லும் அளவுக்கு அந்தச் சண்டை பழகிப்போயிருந்தது. படத்தைப் பாயில் வைத்து முதல் கேள்வியைக் கேட்டேன். "சமையல்கட்டு ஃபேன்" என்றான். இரண்டாவது கேள்விக்கு நெடுநேரம் பதில் இல்லை. பிறகு, "இது ஓடுறப்பதான் அவங்க பேசுறாங்க அக்கா. இது நின்னா அவங்களும் நிறுத்திடுறாங்க" என்றான். கதவோரம் நின்றுகொண்டிருந்த அம்மா, "இத ஏன்டா என்கிட்ட சொல்லவே இல்ல?" என்றார். "நீதான் அணைக்காத அணைக்காதன்னு கத்திட்டுப் போயிடுவியேம்மா" என்றான் அவன்.

உண்மையான ஓர் ஓசையோடு சேர்ந்து குரல்கள் கேட்பது மனநல மருத்துவம் நன்கு அறிந்த ஒன்றுதான் என்று மருத்துவர் பிறகு விளக்கினார். மின்விசிறி, குழாயில் விழும் நீர், வண்டி இரைச்சல் எதுவும் அதற்குத் துணையாகலாம். ஆனால் எங்களில் ஒருவரும் அதைக் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை. இப்போது அவன் கீழே இருக்கும்போது அம்மா சன்னலைத் திறந்துவைத்துச் சமைக்கிறார். குரல்கள் போய்விடவில்லை, அவற்றைக் கவனித்து மருந்தை முடிவு செய்வது மருத்துவரின் வேலை. எங்களுக்குள் மாறியது வேறு. பிடிவாதம் என்று நாங்கள் பெயர் வைத்திருந்த ஒரு செயல், தன்னைக் காத்துக்கொள்ள ஒரு மனிதன் எடுத்த அறிவார்ந்த நடவடிக்கை என்று புரிந்தது. மனநோயில் பொருள் தேடுவது என்பதை நான் இப்படித்தான் விளங்கிக்கொள்கிறேன். நோய் நல்லதற்கே வந்தது என்றோ, அதனால் ஞானம் பிறந்தது என்றோ சொல்லிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. நோய்க்கு நடுவே அவன் செய்த காரியங்களுக்குக் காரணம் இருந்தது என்பதை அவனும் நாங்களும் சேர்ந்து கண்டுகொண்டதே எனக்குப் போதுமான பொருளாகத் தெரிகிறது.

அந்தப் படத்தின் கீழே அவன் எழுதியிருக்கும் தலைப்பு: "சமையல்கட்டில் நாலு பேர்."

தலைப்பு எழுத இடம் இருப்பது இந்த ஃபிலிமின் இரண்டாவது பெரிய நன்மை. அச்சு வங்கி அட்டையின் அளவில், 86க்கு 54 மில்லிமீட்டர் இருக்கும். படம் அதில் 62க்கு 46. கீழே எஞ்சும் வெள்ளைப் பட்டையில் நம் எழுத்தில் சிறிதாக எழுதினால் இரண்டு வரிகள் கொள்ளும். பந்துமுனைப் பேனா அந்த வழவழப்பில் பிடிக்காது, மெல்லிய முனையுள்ள பெர்மனென்ட் மார்க்கர்தான் சரிப்படும், அதையும் சற்று உலரவிட வேண்டும். பின்பக்கம் முழுக் கறுப்பு என்பதால் நீண்ட குறிப்பு எழுத விரும்புபவர்கள் வெள்ளை மை பேனாவைத் தேடிக்கொள்ளலாம். இடம் குறைவாக இருப்பதைக் குறையாக நான் சொல்ல மாட்டேன். நான்கைந்து சொற்களில் முடிக்க வேண்டியிருப்பதால், பேச்சே வராத நாளிலும் தம்பியால் ஒரு தலைப்பை எழுத முடிகிறது.

தலைப்பை எழுதும் கை யாருடையது என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. கேமரா கண்டுபிடிக்கப்பட்டுச் சில பத்தாண்டுகளுக்குள்ளாகவே அது மனநோயாளர்களை நோக்கித் திருப்பப்பட்டுவிட்டது. இங்கிலாந்தின் சர்ரே மாவட்டக் காப்பகத்தில் பெண்கள் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த மருத்துவர் ஹ்யூ வெல்ச் டயமண்ட் 1850களில் அங்கிருந்த பெண்களைப் படமெடுத்து, முகத்தைப் பார்த்தே நோயின் வகையை அறியலாம் என்று 1856இல் லண்டன் ராயல் சொசைட்டியில் கட்டுரை வாசித்தார். பாரிஸ் நகரின் சால்பெத்ரியேர் மருத்துவமனையிலிருந்து 1870களின் இறுதியில் நோயாளிப் பெண்களின் படங்கள் தொகுதி தொகுதியாக வெளிவந்தன. அந்தப் பெண்களில் ஒருவரும் தம் படத்துக்குத் தலைப்பு எழுதவில்லை. தலைப்பின் இடத்தில் நோயின் பெயர் இருந்தது.

டயமண்டின் அதே கட்டுரையில் என்னை நெகிழவைக்கும் ஒரு செய்தியும் இருக்கிறது. தன்னை ஓர் அரசி என்று நம்பிக்கொண்டிருந்த 20 வயதுப் பெண்ணுக்கு அவளுடைய படங்களையே காட்டியபோது, அவள் அவற்றைப் பார்த்து மகிழ்ந்து அடிக்கடி அவற்றைப் பற்றிப் பேசத் தொடங்கினாள் என்றும், அவள் தேறிவந்ததற்கு அதுவே முதல் படி என்றும் அவர் எழுதுகிறார். படத்தை வைத்துக்கொண்டு பேசுவது பலன் தரும் என்பதை 1856இலேயே ஒரு மருத்துவர் கண்டிருக்கிறார். அவள் என்ன பேசினாள் என்பதை எழுதிவைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

நம் ஊர் வரலாறும் இதிலிருந்து விலகியதல்ல. 2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில் கொட்டகை தீப்பற்றி, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர்கள் 28 பேர் இறந்தபோது, அந்தச் சங்கிலிகளின் படங்களை நாடே பார்த்தது. அங்கிருந்தவர்கள் தாமே எடுத்த ஒரு படத்தைக்கூட நாம் பார்த்ததில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சையில் இருப்பவருடைய புகைப்படத்தை அவர் சம்மதமின்றி ஊடகங்களுக்குத் தரக்கூடாது என்று 24ஆம் பிரிவில் தெளிவாகச் சொல்கிறது. மருத்துவமனைகளுக்கு எழுதப்பட்ட அந்த விதியை வீடுகளும் பின்பற்ற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் "இன்னைக்கு இவன் கொஞ்சம் தெளிவா இருக்கான்" என்று எழுதி ஒரு படத்தை அனுப்புவதில் அன்பு இருக்கலாம், அவனுடைய சம்மதம் அதில் இல்லை. இன்ஸ்டாக்ஸ் மினி 12இல் நினைவக அட்டையும் இல்லை, இணைய இணைப்பும் இல்லை. உலகத்தில் ஒரே ஒரு பிரதி, அதுவும் எடுத்தவர் கையில். மற்றவர்கள் குறையாகச் சொல்லும் இந்த அம்சம் எங்கள் தேவைக்கு மிகப் பொருத்தமாக அமைந்தது. காட்ட விரும்பாத படத்தைத் தம்பி சட்டைப்பையில் போட்டுக்கொள்வான், நாங்கள் கேட்பதில்லை.

ஆஸ்திரேலியாவின் மைக்கேல் ஒயிட்டும் நியூசிலாந்தின் டேவிட் எப்ஸ்டனும் 1980களில் வளர்த்தெடுத்த கதைவழி உளசிகிச்சையில், மனிதரையும் அவருடைய பிரச்சினையையும் வேறு வேறாக வைத்துப் பேசுவது அடிப்படை. தம்பிக்கு அந்தச் சிகிச்சையை யாரும் அளிக்கவில்லை, நானும் பயிற்சி பெற்றவள் அல்ல. ஆனால் படம் என்ற பொருள் பாயில் தனியாகக் கிடக்கும்போது இந்தப் பிரிப்பு இயல்பாக நடப்பதைப் பார்க்கிறேன். "நான் இப்படி" என்று தொடங்கும் வாக்கியம் "இது இப்படி" என்று மாறுகிறது. ஒரு பொதி முடிந்ததும் பத்துப் படங்களையும் அவன் விரும்பிய வரிசையில் அடுக்கச் சொல்வோம். தேதி வரிசையில் அவன் அடுக்குவதே இல்லை. ஒருமுறை மாத்திரை அட்டையின் படத்தை நடுவில் வைத்து, மொட்டைமாடிக் கொடியில் காயும் தன் கல்லூரிக் காலத்துச் சட்டையை முதலில் வைத்தான். நோய் தெரியவந்த நாளிலிருந்தே நாங்கள் அவன் கதையைத் தொடங்கிக்கொண்டிருந்தோம். அவனுக்கு அதற்கு முன்பே ஒரு தொடக்கம் இருந்திருக்கிறது.

இனிக் குறைகள். இவற்றைத் தெரிந்துகொண்டு வாங்குவது நல்லது.

முதலாவது ஃபிளாஷ். இந்தக் கேமராவில் ஒவ்வொரு படத்துக்கும் ஃபிளாஷ் அடித்தே தீரும், அணைக்க வழியில்லை. தன்னை யாரோ கண்காணிக்கிறார்கள் என்ற அச்சத்தில் இருப்பவருக்குத் திடீர் வெளிச்சம் நல்லதல்ல. ஆகவே கேமரா எப்போதும் அவர் கையில் இருக்க வேண்டும், அவர் கேட்டுக்கொண்டாலன்றி அவரை நோக்கித் திருப்பக்கூடாது. ஃபிளாஷின் வீச்சு இரண்டு மீட்டரைச் சற்றே தாண்டும் என்பதால் பெரிய அறையின் மறுகோடி இருண்டுவிடும். தூக்கம் வராத இரவுகளில் சன்னல் வழியே தெருவை எடுக்கப் பார்த்தால் கண்ணாடியில் பட்டுத் தெறித்த வெள்ளைப் பொட்டுதான் மிஞ்சும். தம்பிக்கு இரவுகளே அதிகம் சொல்ல வேண்டிய பகுதி. அதற்கு இந்தக் கேமரா உதவவில்லை.

மருந்துகளின் விளைவாகக் கை நடுங்குபவர்களுக்கு அறைக்குள் எடுக்கும் படங்களின் பின்புலம் கலங்கி வரலாம். வெளிச்சம் குறையும்போது ஷட்டர் மெதுவாக இயங்குவதே காரணம். அப்படி வந்த ஒன்றை ஒதுக்கிவிடலாமா என்று கேட்டதற்குத் தம்பி, "கை நடுங்குறது தெரியட்டும், அதுவும் உண்மைதானே" என்றான். கேமராவை முக்காலியில் பொருத்த வசதி இல்லை, தானாகப் படமெடுக்கும் டைமரும் இல்லை. லென்ஸுக்குப் பக்கத்தில் சிறு கண்ணாடி இருப்பதால் கைநீட்டித் தன்னைத் தானே எடுத்துக்கொள்ள முடியும்.

செலவு பெரிய தடை. கேமரா பத்தாயிரம் ரூபாய்க்குள் கிடைத்துவிடும், ஃபிலிம்தான் தொடர்ந்து வாங்க வேண்டியது. கடைக்குக் கடை மாறினாலும் ஒரு படத்துக்கு 50 ரூபாயை ஒட்டி ஆகிறது. மாத்திரைச் செலவுக்கே திண்டாடும் குடும்பங்களிடம் இதை வாங்குங்கள் என்று சொல்ல எனக்கு மனமில்லை. அவர்களுக்கு வேறு வழி உண்டு. கைபேசியில் எடுத்து, வாரத்துக்கு ஒருமுறை நோயாளரே ஐந்து படங்களைத் தேர்ந்தெடுத்து, பக்கத்து ஸ்டூடியோவில் சாதாரண அளவில் அச்சிட்டு, பின்பக்கம் தலைப்பு எழுதலாம். அந்த ஒன்றரை நிமிடக் காத்திருப்பு போய்விடும், படம் கடைக்காரர் கண்ணிலும் படும். ஐந்து கேள்விகள் அப்படியே இருக்கும். உண்மையில் வேலை செய்வதில் பெரும்பகுதி அந்தக் கேள்விகளும், பொறுமையாகக் கேட்கும் ஒரு காதும்தான். கேமரா அவற்றுக்கு வழி திறந்துவிடுகிறது. நல்ல கைபேசி ஏற்கெனவே வீட்டில் இருந்தால், அதே மினி ஃபிலிமில் அச்சிடும் இன்ஸ்டாக்ஸ் மினி லிங்க் என்ற சிறு அச்சுப்பொறியையும் யோசிக்கலாம், இரவுப் படங்களின் சிக்கல் அதனால் தீரும். போலராய்டு அச்சு அளவில் பெரியது, பார்க்க அழகானது, ஆனால் பொதிக்கு 8 படங்களே வரும், விலையும் கூடுதல்.

திருச்சி வெயில் ஃபிலிமுக்கு ஆகாது. கேமராவை 5 முதல் 40 டிகிரி செல்சியஸுக்குள் பயன்படுத்த வேண்டும் என்பது தயாரிப்பாளரின் அறிவுரை, மே மாதத்தில் எங்கள் ஊர் அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறது. பொதியைக் குளிர்ந்த, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள், குளிர்பெட்டியில் வைத்தால் அறையின் வெப்பநிலைக்கு வந்தபிறகு பிரியுங்கள். அச்சை உதறத் தேவையில்லை. இன்னொன்று முக்கியமானது. எரிச்சலில் படத்தைக் கத்தரியால் வெட்டவோ கிழிக்கவோ விடாதீர்கள், புதிய அச்சுக்குள் இருக்கும் இரசாயனப் பசை தோலை அரிக்கக்கூடியது. வேண்டாத படங்களைப் போட்டுவைக்க நாங்கள் மூடியுள்ள ஒரு பிஸ்கட் டப்பா வைத்திருக்கிறோம். அதில் போட்டதை யாரும் திறந்து பார்ப்பதில்லை என்பது வீட்டில் ஒப்புக்கொண்ட விதி.

நோய் உச்சத்தில் இருக்கும்போது கேமராவை எடுக்காதீர்கள் என்று வற்புறுத்திச் சொல்வேன். சந்தேகங்கள் கிளர்ந்திருக்கும் நேரத்தில் படத்தின் ஓரத்திலுள்ள நிழல்கூட ஆதாரமாகத் தோன்றிவிடும். மருந்தும் உறக்கமும் ஓரளவு நிலைப்பட்ட பிறகு, மருத்துவரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குவதே முறை. ஃபோட்டோவாய்ஸ் முறை பெரும்பாலும் குழுவாகச் செய்யப்படுவது, பயிற்சி பெற்ற ஒருவர் உடனிருப்பார். வீட்டில் செய்யும்போது அந்தப் பாதுகாப்பு இல்லை என்பதை மறக்கக்கூடாது. கனடாவின் ஜூடி வைசர் போன்றவர்கள் உளசிகிச்சைக்குள் புகைப்படத்தைப் பயன்படுத்தும் முறைகளை வகுத்திருக்கிறார்கள். அதில் குடும்ப ஆல்பத்தைப் பார்ப்பதும் ஒன்று. பழைய ஆல்பம் பெரும் துயரத்தைக் கிளறிவிடக்கூடியது என்பதால் அதை வீட்டில் நாங்களாகச் செய்வதில்லை, அவன் தானாக எடுக்கும் புதுப் படங்களோடு நிறுத்திக்கொள்கிறோம். பேச்சு கனத்துப்போய், சாக வேண்டும் என்ற எண்ணம் வெளிப்பட்டால் கேள்விகளை அங்கேயே நிறுத்திவிட்டு மருத்துவரை அழைக்க வேண்டும். அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416, கட்டணமில்லை, இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

இந்தக் காரியத்துக்கு இன்ஸ்டாக்ஸ் மினி 12ஐ நான் மனமாரப் பரிந்துரைக்கிறேன். அணைக்க முடியாத ஃபிளாஷ் ஒன்றைத் தவிர, எளிமை, தனிப்பிரதி, குறைந்த எண்ணிக்கை ஆகிய எல்லாமே எங்களுக்கு அனுகூலமாகவே இருந்தன. முதலில் ஒரே ஒரு பொதி மட்டும் வாங்குங்கள், கேமராவை ஒரு வாரம் இரவல் வாங்க முடிந்தால் இன்னும் நல்லது. சிலருக்குப் பிடிக்காமல் போகலாம், அவர்களை வற்புறுத்துவதில் பயனில்லை. ஃபிலிம் வாங்கும்போது பெட்டியில் அச்சிட்டிருக்கும் காலாவதித் தேதியைக் கடையிலேயே பாருங்கள். ஒரு கடையில் எங்களுக்குக் காலாவதியான பொதியைக் கொடுத்துவிட்டார்கள், பத்துப் படங்களும் வெளிறிப்போய் வந்தன. அந்தப் பத்துக்கும் தம்பி தலைப்பு எழுதியிருக்கிறான். அவற்றை வெளியே சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இங்கே எழுதவில்லை.